இரண்டாவது ஜாடி

அடி அண்ணாமலை
13-2-1983

அன்புள்ள அக்காவுக்கு, கஸ்தூரி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுக் கதவைத் திறந்து, நார்த்தை மரத்தடியில் விழுந்துகிடந்த காய்களைப் பொறுக்கினேன். முறம் நிறைந்து, மடியும் நிறைந்த பிறகு அருணாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, அவளுக்கு டைப் வகுப்பும் இல்லை. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அண்ணனுக்கு இருமல் விட்டதா?

இந்த வருஷம்போல மரம் காய்த்து நான் பார்த்ததில்லை. ஒரு கிளைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. மூன்று நாளாக நார்த்தங்காய்ச் சாதம்தான். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் பைநிறைய வாங்கிக்கொண்டு, "டீச்சரம்மா, உங்க வீட்ல ஆளு கம்மி, மரத்துக்குத்தான் அது தெரியல" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வருகிற ஆனி வந்தால் உங்கள் தம்பி காஞ்சிபுரம் போய்வருவதாகச் சொல்லிப் போய் ஆறு வருஷம்.

மிச்சத்தை உப்பில்தான் போட வேண்டும். வழக்கம்போல் உங்களுக்கு இரண்டு ஜாடி போதுமா? அருணாவுக்கு ஏதோ வரன் என்று பொங்கலுக்கு எழுதியிருந்தீர்கள். பிறகு ஒன்றும் காணோம்.

வணக்கத்துடன்,
கஸ்தூரி

*

அரக்கோணம்
21-2-83

கஸ்தூரிக்கு ஆதிலட்சுமி ஆசீர்வாதம். இங்க எல்லாரும் இருக்கோம். கால் வீக்கம் வரும் போகும், அத பெருசா எழுத என்ன இருக்கு. அருணாவ நல்லெண்ணெய் வெச்சு தலை வாரச் சொல்லு, போட்டோல முடி கம்மியா தெரியுது.

ரெண்டு ஜாடி கண்டிப்பா வேணும். போன வருஷத்துது கால் ஜாடி கூட மிச்சம் இல்ல, வழிச்சாச்சு. ஒண்ணு எப்பவும் போல சுருளா போடு. இன்னொண்ண துண்டு துண்டா நறுக்கி, கொட்டை இல்லாம போடு. கடைவாய்ப் பல்லு போயிடுச்சு, சுருள மெல்ல முடியல.

வரன் ஆரணி. பையன் பேரு சக்கரவர்த்தி, கூட்டுறவு பேங்குல வேலை. அம்மா சந்திரம்மாள், அவங்கதான் அங்க எல்லாம். போட்டோ பிடிச்சிருக்குன்னாங்க. மத்தது நான் பேசிக்கறேன், நீ நடுவுல எதுவும் எழுதாத.

ஆதிலட்சுமி

*

அடி அண்ணாமலை
27-2-1983

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் பல் போனதைப் பற்றி முன்பே எழுதியிருக்கலாமே. டாக்டரிடம் காட்டினீர்களா? இங்கே நாங்கள் நலம். எனக்குத்தான் உப்புப் பட்டு விரல் இடுக்கெல்லாம் எரிகிறது.

ஆறு ஜாடி போட்டிருக்கிறோம். அருணா சுருள் அறுக்கக் கற்றுக்கொண்டாள். அறுந்துபோகாமல் ஒரே நாடாவாகக் கத்தியைத் திருப்பிக்கொண்டு வருகிறாள், எனக்கே அவ்வளவு சுத்தமாக வராது. உங்கள் துண்டு ஜாடிக்குத் தனியாகக் குறிபோட்டு, வாயில் துணி வேடு கட்டியிருக்கிறேன். பகலில் மாடியில் பரப்பி, சாயங்காலம் மறுபடி உப்புத் தண்ணீரில் போடுகிறோம். சித்திரைக்குள் காய்ந்துவிடும்.

பேச்சை நீங்கள் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பியைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

கஸ்தூரி

*

அரக்கோணம்
6-3-83

கஸ்தூரிக்கு,

நீயும் குழந்தையும் சுகமா இருக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை ஆரணியிலருந்து வராங்க. இத படிச்சுட்டு கிழிச்சுடு.

தம்பி போன ஐப்பசியில வடக்க ரயில் பிரயாணத்துல மாரடைப்புல போயிட்டான்னு சொல்லியிருக்கேன். வேற வழி இல்ல கஸ்தூரி. அப்பன் செத்த பொண்ணுக்கு மாப்பிள்ள கிடைக்கும். அப்பன் எங்கன்னே தெரியாத பொண்ணுக்கு யாரு வருவா? போன வருஷம் ரெண்டு இடம் அதுல தானே நின்னுது. துக்கம் நடந்த வீட்ல வருஷத்துக்குள்ள ஒரு கல்யாணம் நடக்கணும்னு சாஸ்திரமும் இருக்கு, அதனால ஆவணியிலயே முடிச்சுடலாம்னு அவங்களே சொல்றாங்க.

நெத்தியில பொட்டு வேணாம். தாலிய உள்ள போட்டுக்க. பலகாரம் எதுவும் சுடாத. முக்கியமா மாடியில காயற நார்த்தங்காய எடுத்து உள்ள வெச்சுடு. சாவு விழுந்த வீட்ல வருஷம் திரும்பற வரைக்கும் ஊறுகா போட மாட்டாங்க, அது அவங்களுக்கும் வழக்கம். நீ பி.ஏ. படிச்சவ, உனக்கு இதெல்லாம் சிரிப்பா இருக்கும். எனக்கு உன் படிப்பு முக்கியமில்ல, அருணா முக்கியம்.

ஆதிலட்சுமி

*

அடி அண்ணாமலை
13-3-1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாளும் அதைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டே இருந்தேன். அருணாவிடம் சொல்லவில்லை. 'உன் அப்பா செத்துவிட்டதாக வைத்துக்கொள்' என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? வியாழக்கிழமை சாயங்காலம் காய்களையெல்லாம் ஜாடியில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மழை வரும்போல் இருக்கிறது என்று சொன்னேன். பங்குனி வரப்போகிற வெயிலில் மழை. அவள் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முகம் கழுவிவிட்டுப் பொட்டு வைக்காமல் வந்தேன்.

"ஏம்மா நெத்தி வெறுமையா இருக்கு?"

"அரிக்குதுடி."

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். பையன் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தான். அருணாவைப் பார்த்தபோது மட்டும் நிமிர்ந்தான். சந்திரம்மாள் கனத்த உடம்பு, மெல்லிய குரல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கேள்விப்பட்டோம். மனச விட்ராதீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். இருபத்திரண்டு வருஷத் தாலி ரவிக்கைக்குள் குத்திக்கொண்டிருந்தது.

பின்கட்டுக்குக் கை கழுவப் போனவர், மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்து, "காயெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்றேன்.

சாப்பாட்டில் அவருக்கு மனம் செல்லவில்லை. "பஸ்ஸுல வாந்தி வர்ற மாதிரியே இருந்திச்சு. வாயெல்லாம் கசக்குது" என்று கையை எடுத்துக்கொண்டார். இதைக் கேட்ட அருணா சட்டென்று உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் அவள் குனிவதை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். ஜாடியின் வேடு அவிழும் சத்தம் கேட்டது. ஒரு சுருளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இத கடிச்சுக்கங்க அத்த, குமட்டல் நிக்கும்."

சந்திரம்மாள் ஒரு கடி கடித்தார். "இன்னும் கசப்பு போகலயே. எப்பம்மா போட்டீங்க?"

"பாஞ்சு நாள் ஆச்சு அத்த. நான்தான் அறுத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "நல்லா இருக்கு, இன்னொண்ணு குடு" என்று அருணாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அக்கா, அருணா குனிந்தபோது நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. மறந்தேனா, வேண்டுமென்றே இருந்தேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

கஸ்தூரி

*

அரக்கோணம்
20-3-83

கஸ்தூரிக்கு,

உடம்ப பாத்துக்க, வேற என்ன சொல்ல.

ஒரு ஜாடிய மறைக்கத் தெரியல உனக்கு. எத்தன நடை நடந்து, எத்தன பேர் கிட்ட தலைய சொறிஞ்சு அந்த இடத்த பிடிச்சேன் தெரியுமா? நீ உண்மைய காப்பாத்திட்ட. பொண்ண யாரு காப்பாத்துவா? அவங்க கேட்டா, எங்க வீட்ல அந்த வழக்கம் கிடையாதுன்னு அழுத்தி எழுதிடு. ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கும், நம்புவாங்க.

காய் காய்ஞ்சதும் ஜாடி ரெண்டையும் யார் மூலமாவது அனுப்பு. கோவத்துல அத நிறுத்திடாத.

ஆதிலட்சுமி

*

ஆரணி
10-4-83

மதிப்பிற்குரிய கஸ்தூரி அம்மாளுக்கு சந்திரம்மாள் எழுதிக்கொண்டது. நீங்களும் மகளும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பறேன். என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க. மகன எழுதச் சொல்ல இஷ்டமில்ல.

உங்க வீட்டு நார்த்தங்கா அன்னைக்கு என் வயித்த காப்பாத்திச்சு. அத தின்னுக்கிட்டே யோசிச்சேன். புருஷன் போய் அஞ்சு மாசத்துல எந்தப் பொம்பளைக்கும் ஊறுகா போட கை வராது. வழக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு வராது. எனக்கு வரல, நானும் தாலி அறுத்தவ தான்.

உங்க பொண்ண எனக்குப் பிடிச்சிருக்கு. வந்தவளுக்கு வாய் கசக்குதுன்னு ஓடுனா பாருங்க, அது போதும். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் புரிஞ்சுது. அதனாலதான் எழுதறேன். அவர் இருக்காரா இல்லையா, அத மட்டும் உங்க கையால எழுதுங்க. எங்க போனார்னே தெரியாதுன்னாலும் பரவாயில்ல, எங்க சனம் நாலு பேசும், பேசட்டும். ஆனா இருக்கார்னு தெரிஞ்சா அவர் வந்து மணையில ஒக்காந்து பொண்ண குடுக்கணும். உயிரோட இருக்கற அப்பன விட்டுட்டு கல்யாணம் பண்ண எனக்கு தைரியம் இல்ல. பொய்ய வெச்சுக்கிட்டு எடுத்தா, நாளைக்கு ஒரு சண்டையில என் மகனே அவள அத சொல்லி பேசுவான்.

ஆடி கழியற வரைக்கும் வேற இடம் பாக்க மாட்டோம்.

சந்திரம்மாள்

*

அரக்கோணம்
2-5-1983

சௌபாக்கியவதி கஸ்தூரிக்கு சக்கரபாணி ஆசிகள். க்ஷேமம். அங்கும் அப்படியே என்று எண்ணுகிறேன்.

உன் அக்காவுக்கு இரத்தக் கொதிப்பு அதிகமாகி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பயப்படாதே. உப்பு அறவே கூடாது என்று டாக்டர் மறுபடி கண்டித்திருக்கிறார். மூன்று வருஷமாகவே அவள் ஊறுகாயைத் தொடுவதில்லை, அப்படியும் இப்படி.

உங்கள் ஊர் தருமன் கொண்டுவந்த இரண்டு ஜாடியும் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒன்றை நான் தொட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, அந்தத் துண்டு ஜாடி, வழக்கம்போல் போகிற இடத்துக்குப் போய்விட்டது. அருணாவுக்கு என் ஆசி.

சக்கரபாணி

*

அடி அண்ணாமலை
9-5-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று அண்ணன் எழுதியிருந்தார். உடம்பு முழுவதும் சரியான பிறகே இதற்குப் பதில் எழுதுங்கள். அவசரமில்லை.

மூன்று வருஷமாக நீங்கள் ஊறுகாயைத் தொடுவதில்லை. உங்களுக்குக் கடைவாய்ப் பல்லும் போகவில்லை, ஆஸ்பத்திரியில் உங்களை வந்து பார்த்த தருமன் சொன்னான், கரும்பு கடித்துக்கொண்டிருந்தீர்களாம்.

இரண்டாவது ஜாடி யாருக்குப் போகிறது?

கஸ்தூரி

*

அரக்கோணம்
26-6-83

கஸ்தூரிக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. இருந்தாலும் கேக்கறேன்.

ஒன்றரை மாசமா நாலு தடவ எழுதி கிழிச்சேன். அவன் ரேணிகுண்டாவுல இருக்கான். லாரி ஆபீசுல கணக்கு எழுதறான். ஒரு தெலுங்குப் பொம்பள கூட இருக்கா, நாலு வயசுல ஒரு பையன். அவன் போய் ஒரு வருஷம் கழிச்சு அவனே என்ன தேடிக்கிட்டு வந்தான். உன்கிட்ட சொன்னா ரயில்ல விழுந்து செத்துடுவேன்னு என் காலப் பிடிச்சான். கூடப் பொறந்தவன், நான் என்ன பண்ணட்டும்? ஏன் போனன்னு கேட்டா, 'அந்த வீட்ல எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு, எனக்குத்தான் மூச்சு முட்டிச்சு'ன்னான். எனக்குப் புரியல. படிச்சவளுக்குப் புரியுமோ என்னமோ.

அந்தப் பொம்பள கெட்டவ இல்ல. அவளுக்கு நார்த்தங்கா போடத் தெரியாது, அவ்வளவுதான். அவன் அந்த வீட்லருந்து இத ஒண்ணுதான் கேட்டான். வருஷா வருஷம் வேட்ட அவுத்து முதல்ல மோந்து பாப்பான். அருணாவ கேப்பான். உன்ன பத்தி கேக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டேன்.

செத்துட்டான்னு சொல்லிடுன்னு சொன்னதும் அவன்தான். சந்திரம்மாள் எழுதினத நீ தெரியப்படுத்தல, ஆனா அவங்களே இங்க வந்து சொன்னாங்க. நான் ரேணிகுண்டா போய் கேட்டுப் பாத்துட்டேன், ஒரு நாள் வந்து மணையில ஒக்காருடான்னு. 'செத்தவன் எப்படிக்கா வருவான்'னு சிரிச்சான்.

அதனால கஸ்தூரி, இல்லன்னே எழுதிடு. உன் கையால ஒரு வரி. அருணா பொழச்சுப் போவா.

ஆதிலட்சுமி

*

அடி அண்ணாமலை
25-7-1983

அக்காவுக்கு,

உங்கள் உடம்பு தேவலையா என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன், கை பழகிவிட்டது. இந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கப் போவதில்லை.

இன்று காலை எழுந்ததும் பொட்டு இட்டுக்கொண்டேன். அவர் செத்தவர் என்று நினைத்தாலும் கை வரவில்லை, உயிரோடு இருப்பவர் என்று நினைத்தாலும் வரவில்லை. எதையும் நினைக்காமல் இட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியனுப்பினேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாக என்னால் அந்த நார்த்தங்காயைத் தொட முடியவில்லை. ஆறு வருஷமாக, சாப்பிட ஆளில்லாத வீட்டில் மிஞ்சுகிறதே என்று கவலைப்பட்டுப் போட்டேன். உங்களுக்கு அனுப்பியதில் பாதி அவர் இலைக்குப் போயிருக்கிறது. துண்டு ஜாடிக்கு மட்டும் இந்த வருஷம் கொட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேனே, அந்த இரண்டு சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வீட்டில் நாலு ஜாடி மிச்சம். குப்பையில் கொட்டலாம் என்று தூக்கினேன். அருணா, "மோர்ல போட்டு பௌர்ணமிக்கு சுத்தறவங்களுக்குக் குடுக்கலாம்மா" என்றாள்.

நேற்று பௌர்ணமி. மலையைச் சுற்ற வருகிறவர்கள் நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலு மணிக்கே இரண்டு பானை மோர் கரைத்து, காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு வாசலில் வைத்தோம். அருணா மொண்டு கொடுத்தாள், நான் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளையம்மாளும் வந்து உட்கார்ந்து நறுக்கினாள்.

பெண்களும் பிள்ளைகளும் வந்தால் அருணா டம்ளரைப் பார்த்து ஊற்றினாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் வந்தால் டம்ளரைப் பார்ப்பதில்லை. தாடி வைத்தவர், காவி கட்டியவர், மொட்டை போட்டவர், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபடி ஊற்றினாள். மோர் வழிந்து அவள் பாவாடையெல்லாம் நனைந்தது.

"அவ என்ன பாக்கறா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

வெள்ளையம்மாள் கத்தியை நிறுத்தினாள். "தெரியாத மாதிரி கேக்கறீங்களே டீச்சரம்மா. அவங்க அப்பாவத்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிக்கறா."

"வேடிக்கை பாக்க நிக்கறான்னு நெனச்சேன்."

"ஆறு வருஷமாவா?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அக்கா, நான் இதுவரை இந்தக் கேள்வியை என்னுடையதென்றே நினைத்திருந்தேன். அவரைச் செத்தவராக்குவதா, இருப்பவராக்குவதா, சந்திரம்மாளுக்கு என்ன எழுதுவது என்று. 'இல்லை' என்று ஒரு வரி எழுதினால் கல்யாணம் நடக்கும். அதன் பிறகு அவள் ஆரணியில் இருந்துகொண்டு, அங்கே போகிற வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'இருக்கிறார்' என்று எழுதினால் கல்யாணம் நிற்கும், ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டிலும் அவளைத்தவிர எல்லாருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. அவர் அவளைப் பற்றிக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அவரைத் தேடுகிறாள். நடுவில் நானும் நீங்களும் ஜாடியை மட்டும் கை மாற்றிக்கொண்டிருந்தோம்.

மோர் ஆறு மணிக்கெல்லாம் தீர்ந்தது. நாலு ஜாடியையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

இப்போது மணி நாலரை. நான் செய்யப்போவதை வெள்ளையம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களையும், சந்திரம்மாள் எழுதியதையும், அண்ணனின் கார்டையும் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். உங்களுக்கு எழுதியவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட நகல்களும் இருக்கின்றன. கடைசியில் இந்தக் கடிதத்தையும் வைப்பேன். அருணா வந்ததும் காப்பி கொடுத்துவிட்டு, இந்தக் கட்டை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். ஆரணிக்கு என்ன பதில் என்பதை அவள் எழுதட்டும். ரேணிகுண்டா போக வேண்டும் என்றால் போகட்டும், ஸ்டேஷன் வரை நானும் போவேன், அதற்கு மேல் வரமாட்டேன்.

ஐந்தேகால் டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் கடைசிக் கடிதம்வரை படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

கஸ்தூரி